ஒரு 'கட்'டும் வெட்டுண்ட தமிழ் வினைகளும்

மதுரையினின்று திருமங்கலம் செல்லும் பெருவழியில், திருப்பரங்குன்றத்திற்கு அணித்தே அமைந்த பசுமலை, தமிழர் மறத்தலாகாத ஊர்களுள் ஒன்று. நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் வாழ்ந்த ஊர் அது. 1937-இல் இராசகோபாலாச்சாரியார் தலைமையில் அமைந்த சென்னை மாநில அரசு, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க முனைந்தபோது, அதனை எதிர்த்து முன்னணியில் நின்ற பெருமக்களுள் நாவலரும் ஒருவர். 1938 ஏப்பிரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்னும் ஆணை பிறந்தது. தாய்மார் கைக்குழந்தைகளோடு சிறை புகுந்தனர். நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையிலேயே உயிர் நீத்தனர். 1940 பிப்பிரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

அன்றைய பகை அரசாணையாய் வந்தது. முத்திரையும் கையொப்பமும் தாங்கி வந்தது. ஆகவே அதனைக் கண்ணாற் காணவும், பெயரிட்டுச் சுட்டவும், மறித்து நிற்கவும் இயன்றது. இற்றை நாளில் தமிழின் வேரில் இறங்கிக்கொண்டிருக்கும் நஞ்சுக்கோ ஆணையுமில்லை, முத்திரையுமில்லை. எவரும் திணிக்கவில்லை, தமிழர் தாமே வாய்நிறைய ஏற்றுக்கொண்டனர். நாவலர் வாழ்ந்த அதே பசுமலையில், விடியற்பொழுதில் ஓர் அடுப்பங்கரையின் பக்கல் நின்று செவிகொடுப்பார்க்கு அது விளங்கும். "வெங்காயத்தைக் கட் பண்ணு" என்கிறாள் தாய். "நகத்தைக் கட் பண்ணு" என்கிறார் தந்தை. முடிதிருத்துவார் மயிரைக் கட் பண்ணுகிறார். தையற்காரர் துணியைக் கட் பண்ணுகிறார். இளநீர் விற்பார் இளநீரைக் கட் பண்ணுகிறார். மாணவன் வகுப்பைக் கட் அடிக்கிறான். முதலாளி கூலியைக் கட் பண்ணுகிறார். செயல்கள் ஏழு, சொல் ஒன்று. அவ்வொன்றும் தமிழன்று!

அவ்வொற்றைச் சொல் எத்தனைத் தமிழ் வினைகளின் நெஞ்சில் ஏறி நிற்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெங்காயத்தை அரிவர், வெண்டையை நறுக்குவர், தேங்காயைக் கீறுவர், கீரையைக் கிள்ளுவர், முருங்கையை ஒடிப்பர், இறைச்சியைக் கொத்துவர், இளநீரைச் சீவுவர். நெற்கதிரை அறுப்பர், வாழைத்தாரை வெட்டுவர், பூவைக் கொய்வர், மரத்தைத் தறிப்பர், விறகைப் பிளப்பர், கல்லைச் செதுக்குவர், மயிரைக் கத்தரிப்பர். மின்னிணைப்பைத் துண்டிப்பர், கூலியைப் பிடிப்பர், வகுப்புக்கு மட்டம் போடுவர்.

இவை ஒருபொருட் பன்மொழியல்ல. ஒவ்வொரு வினைக்குள்ளும் ஒரு கருவியும், ஒரு கையசைவும், ஒரு நோக்கமும் அடங்கிக் கிடக்கின்றன. அரிவாள்மணையில் அரியும்போது அலகு நிலைத்து நிற்கக் காய்தான் நகர்கின்றது. வெட்டும்போது அலகு மேலெழுந்து விழுகின்றது. அறுக்கும்போது அலகு இழுபட்டுச் செல்கின்றது. சீவும்போது மேற்புறம் மட்டும் நீங்க உள்ளிருப்பது நிற்கின்றது. கிள்ளுவதற்குக் கருவியே வேண்டா, நகம் போதும். பன்னூறாண்டுகளாகக் கையுழைப்பார் கண்டு தேர்ந்த நுண்மையெல்லாம் இச்சொற்களில் உறைந்துள்ளது. இவற்றைக் 'கட்' என்னும் ஓரெழுவாயிற் கொட்டிக் கலப்பவன், தன் பாட்டனின் அறிவைக் குப்பையிற் கொட்டுகின்றான்.

இது புலவர் பெருமக்களின் நுண்கவலை மட்டுமன்று. வயலிலும் தோட்டத்திலும் இழப்பைத் தரும் செய்தி. "வாழையைக் கட் பண்ணு" என்று ஓர் ஆளுக்குச் சொல்லிவிட்டால் அவன் என் செய்வான்? இலையை அறுப்பதா? தாரை வெட்டுவதா? மரத்தையே சாய்ப்பதா? அன்றிப் பக்கக் கன்றைக் களைவதா? மதுரைச் சுற்றுப்புறத்திற்குப் பெயர் தேடித் தந்த மல்லிகைச் செடியைக் காண்க. ஆண்டுதோறும் அதன் கிளைகளை அளவறிந்து கழித்தால்தான் புதுத்தளிர் விடும். அத்தளிரில்தான் அரும்பு கட்டும். கழித்தல் என்பது வளர்ப்பதற்காகக் குறைத்தல். வெட்டுதல் என்பது வீழ்த்துதற்கும் ஆகும். வாழ்விக்கும் செயலுக்கும் வீழ்த்தும் செயலுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டவன், தோட்டத்தையும் இழப்பான், மொழியையும் இழப்பான்.

பெயர்ச்சொல் ஒன்று பிறமொழியினின்று வந்தால், அது திண்ணையில் அமர்ந்த விருந்தினன் போன்றது. வினைச்சொல் வருவதோ, வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு உட்புகுவது போன்றது. வினை வேராகலின், அது பிள்ளை பெறுவது. அரி என்பதிலிருந்து அரிவாள் பிறந்தது; அறு என்பதிலிருந்து அறுவடையும் அறுவையும் அறுதியும் பிறந்தன; வெட்டு என்பதிலிருந்து மண்வெட்டியும் கல்வெட்டும் பிறந்தன; கத்தரி என்பதிலிருந்து கத்தரிக்கோல் பிறந்தது. துணித்தலால் ஆனது துணி. ஆனால் 'கட்' என்பது தமிழ் மண்ணில் எதனைப் பெற்றது? எத்தனை ஆண்டு வாய்க்கு வாய் வழங்கினும் அது மலடாகவே நிற்கும். போதாக்குறைக்கு, ஒலியால் அது 'கட்டு' என்னும் தமிழ்ச்சொல்லை ஒட்டி நிற்கின்றது. கட்டுதல் பிணைப்பது, இதுவோ பிரிப்பது! கயிற்றைக் கட்டு என்பதும் கயிற்றைக் 'கட்' பண்ணு என்பதும் ஒரே வீட்டில் ஒலித்தால், பேச்சுப் பழகும் குழந்தை எதனைப் பற்றி நிற்கும்?

இனி, அதனோடு ஒட்டிவரும் 'பண்ணு' என்பதன் இரங்கத்தக்க நிலையைக் காண்க. யாழின் நரம்பைப் பண்ணுக்கேற்ப அமைப்பதைப் பண்ணல் என்றனர் பழந்தமிழர். யாழிசைப்பதன் எண்வகைச் செயல்களுள் முதலாவது அதுவே. அத்தகைய சொல், இன்று அயல்வினைகளுக்குச் சுமைதூக்கியாக நிற்கின்றது. அரிந்தாள் என்னும் ஒரே சொல்லில் செயலும் காலமும் ஆளும் ஒருங்கே அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் 'கட்' என்பதோ நிகழ்காலத்திற்கும் இறந்தகாலத்திற்கும் உருமாறாத சொல். "கட் பண்ணினாள்" என்னும்போது செயலை அயலானிடம் ஒப்படைத்துவிட்டுக் காலத்தையும் ஆளையும் மட்டும் தமிழ் சுமக்கின்றது. ட்ரை பண்ணு, யூசு பண்ணு, மிசு பண்ணு என இவ்வழியே ஒவ்வொரு வினையாக வெளியேறுமாயின், எஞ்சுவது பண்ணு என்னும் ஒன்றேயாகும்.

'கட்' என்னும் சொல்லை உலகெங்கும் ஆங்கிலம் கற்பார் யாவரும் கற்கின்றனர். சீன மாணவனும் கற்கின்றான். பொதுச்சீனத்தில் காயைக் கத்தியால் நறுக்குதல் 'சியே'. கத்தரிக்கோலால் கத்தரித்தல் 'சியென்'. கோடரியால் வெட்டுதல் 'கான்'. கதிரை அறுத்தல் 'கெ'. அவனுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், எந்தக் கருவி, எந்தப் பொருள் என்று வகுத்து, இந்நான்கு செயலுக்கும் ஆங்கிலன் 'கட்' என்பான் என்று காட்டுகின்றார். அவன் அதனைக் கற்றுத் தேர்வெழுதுகின்றான், வாணிகம் செய்கின்றான். ஆயினும் அவன் தாய்மொழிச் சொற்கள் நான்கும் நான்காகவே நிற்கின்றன. ஆங்கிலச் சொல் அவனுக்குக் கூடுதலாய் வந்த ஐந்தாம் சொல். தமிழனுக்கோ அது பதினைந்தைக் கொன்று வந்த ஒற்றைச் சொல்! ஒருவன் கற்றலால் பெருகினான். மற்றவன் கற்றதாக எண்ணித் தேய்ந்தான்.

ஆங்கிலனேனும் எல்லாவற்றையும் 'கட்' என்றா சொல்கின்றான்? கதிர் அறுப்பதை 'ரீப்' என்பான். புல் அறுப்பதை 'மோ' என்பான். ஆட்டு மயிர் கத்தரிப்பதைச் 'சியர்' என்பான். செடியின் கிளை கழிப்பதைப் 'புரூன்' என்பான். மரத்திலும் கல்லிலும் செதுக்குவதைக் 'கார்வ்' என்பான். கொத்துவதைச் 'சாப்' என்பான். ஆகவே, 'கட் பண்ணு' என்பார் ஆங்கிலமும் அறிந்தாரல்லர். இரு மொழியிலும் வறுமையுற்றுக் கிடப்பதைப் படிப்பின் அடையாளம் என்று நெஞ்சுயர்த்துவது எத்துணைப் பேதைமை!

இதே பசுமலையின் வரலாறு இன்னொரு வகையிலும் தமிழரை நாணச் செய்யும். 1845-இல் அமெரிக்கக் கிறித்தவத் திருப்பணியாளர் தம் பயிற்சிப் பள்ளியைத் திருமங்கலத்தினின்று பசுமலைக்கு மாற்றினர். அவர்கள் வந்தது தம் சமயத்தைப் பரப்புதற்கே. ஆயினும் தமிழ் கற்றாலன்றித் தமிழரோடு பேசவியலாது என்று தெளிந்து கற்றனர். அவர்களை அனுப்பிய அதே கழகத்தைச் சேர்ந்த வின்சுலோ, 1862-இல் தமிழ்–ஆங்கில அகரமுதலி ஒன்றைச் சென்னையில் வெளியிட்டார். 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது அது. கடல் கடந்து வந்தவர் பொறுக்கிச் சேர்த்த மணிகளை, வீட்டுக்குரியவர் தெருவிற் சிதறவிடுகின்றனர்.

"தனித்தமிழ் கடினம், புதிது புதிதாகச் சொல் புனைந்தால் யாருக்கு விளங்கும்?" என்று எள்ளுவார் உளர். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய நாள்முதல் கேட்டுப் பழகிய குரல்தான் இது. அவர்க்குச் சொல்ல வேண்டிய விடை ஒன்றே: ஈண்டுப் புதுச்சொல் எதுவும் வேண்டா. அரி, அறு, சீவு, கீறு, கிள்ளு, கொய் என்பன எந்தப் புலவரும் அறையிலிருந்து புனைந்தவையல்ல. ஏட்டைத் தொட்டறியாத கிழவியின் நாவில் நேற்றுவரை இருந்தவை. 'கட் பண்ணு' என்பதனினும் குறுகியவை; சொல்வதற்கும் எளியவை. ஆக்க வேண்டியது ஒன்றுமில்லை, கைவிடாதிருந்தாலே போதும். அதுவுங் கடினமென்பார்க்குக் கடினம் மொழியிலில்லை, மனத்தில் உள்ளது. அயற்சொல்லைச் சொன்னால் மேன்மை, தாய்ச்சொல்லைச் சொன்னால் நாட்டுப்புறம் என்னும் அடிமை எண்ணமே அது.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், இலைக்கும் தண்டுக்கும் பிஞ்சுக்கும் தமிழில் உள்ள தனித்தனிப் பெயர்களை வகுத்துக் காட்டி, மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல் என்று நிறுவினார். அப்பேரறிஞர் 1981 சனவரியில் இதே மதுரையில் கண்மூடினார். பெயர்க்கு அவர் செய்த பணியை வினைக்கும் செய்தல் தமிழாசிரியர் கடன். ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் தம் வீட்டுப் பாட்டியிடமும், உழவரிடமும், தச்சரிடமும், மீனரிவாரிடமும் சென்று, அவர்கள் வழங்கும் வினைகளைக் கேட்டெழுதி வரலாம்.

ஆங்கில ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. 'கட்' என்றால் வெட்டு என்று ஒரு சொல்லில் எழுதிப்போட்டு முடித்தலாகாது. எதனை, எதனால், எதற்காக என்று கேட்டு, அரி, அறு, நறுக்கு, கத்தரி, கழி, துண்டி என அவற்றுக்குரிய தமிழ் வினைகளைக் கரும்பலகையில் நிரப்புதல் வேண்டும். அவ்வாறு கற்பிக்கப்படும் ஆங்கிலம் தமிழுக்குப் பகையாகாது, துணையாகும். ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்க. தமிழைத் தமிழாகப் பேசுக. கலப்பு ஒன்றே பகை.

இந்தியைத் திணித்த ஆணையை நீக்க இரண்டாண்டுப் போரும் இரண்டு உயிர்களும் வேண்டியிருந்தன. இந்த ஆணையில்லாத அடிமைத்தனத்தை நீக்கச் சிறையும் வேண்டா, உயிரும் வேண்டா. நாளை விடியலில் அடுப்பங்கரையில் நிற்கும் தாய், "வெங்காயத்தை அரிந்து கொடு" என்று மகளிடம் சொன்னால் போதும். அச்சொல் இன்னும் ஒரு தலைமுறை வாழும்.