நாய்க்குட்டி ஒன்று, நாட்டாண்மை நான்கு

நமது சமூகத்தில் ஒரு விநோதமான வழக்கம் உண்டு. ஒரு காரியம் கெட்டுப்போனால், அதனைக் கெடுத்தவர் யார் என்று ஆராய்வதில்லை. எதிர்த்துப் பேச வாயில்லாதது எதுவோ அதன் தலையில் பழியைச் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். தொழில் நொடித்தால் கிரகம்; பிள்ளை படிக்காவிட்டால் தலையெழுத்து; வீட்டிலே சண்டை மூண்டால் புதிதாக வந்த மருமகளின் கால்ராசி. அந்த வரிசையில் இப்பொழுது நாய்க்குட்டியும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

"நாயைப் பற்றியும் ஒரு கட்டுரையா? தமிழனுக்கு வேறு கவலையில்லையா?" என்று சில அன்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். தோட்டத்துக் கிராணி வீடுகளிலும், பட்டணத்து வாடகை வீடுகளிலும், வாலிபர்கள் மூவர் நால்வராகக் கூடி வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவருகிறார். முதல் வாரம் கொண்டாட்டம். இரண்டாம் வாரம் முணுமுணுப்பு. மாதம் முடியுமுன் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத நிலை. மூன்றாம் மாதத்தில் அந்தப் பிராணி கோணிப்பைக்குள் கட்டுண்டு, இருட்டிய பின் செம்பனைக் காட்டோரத்தில் இறக்கிவிடப்படுகிறது. மனிதர் கையில் உண்டு பழகிய அது, அங்கே பட்டினியால் சாகும். அல்லது தெருநாய்க் கூட்டத்தில் சேர்ந்து லயத்துக் குழந்தைகளை விரட்டும். அல்லது நாய் பிடிப்பவரின் சுருக்குக் கயிற்றில் முடியும். வீட்டாரோ "சனியன் தொலைந்தது" என்று கூறி மீண்டும் சிநேகமாகிவிடுவர்.

நாம் கேட்பது இதுதான். ஒரு கூரையின் கீழ் வாழும் நான்கு படித்த மனிதருக்கு, ஒரு குட்டி நாயை எவ்வாறு வளர்ப்பது என்று கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரத் திராணியில்லையென்றால், அவர்கள் நாளை சங்கம் நடத்துவது எங்ஙனம்? பள்ளிக்கூடக் கமிட்டியில் அமர்ந்து நியாயம் வழங்குவது எங்ஙனம்?

நாம் அறிந்த ஒரு வீட்டின் கதையை ஈண்டுக் கூறுவோம். பல வீடுகளின் கதையும் இதுவே. அவ்வீட்டில் நால்வர். ஒருவர், சம்பளத்தன்று, யாரையும் கேளாமல் இரண்டு மாதக் குட்டியொன்றை வாங்கி வந்து தமது மெத்தையில் படுக்கவிட்டார். இரண்டாமவர் ஆசாரசீலர், அது வாசற்படிக்கு இப்பால் கால் வைத்தால் செருப்பைக் கையிலெடுப்பார். மூன்றாமவர் இரக்கமுள்ளவர், உண்ணும்போது அது அருகில் வந்து குரைத்தால், தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எறிவார். நான்காமவர், நாய்களின் சுபாவமெல்லாம் தமக்குத் தெரியுமென்று சொல்லிக்கொள்பவர். அவர் கையில் ஒரு பிரம்பு. ஒருவர் "வா" என்றழைத்தார். ஒருவர் "கம்" என்றார். மற்றொருவர் மலாயில் "சினி" என்றார். மூன்று சொல்லுக்கும் மூன்று பொருள் என்று அந்தக் குட்டி நினைத்திருந்தால் அது யாருடைய குற்றம்? காலையில் அது கடித்துப்போட்ட சப்பாத்துக்கு மாலையில் அடி விழுந்தது. இவ்வாறு சில வாரம் சென்றபின், ஒருநாள் அது பிரம்புக்காரரின் கையைக் கவ்வியது. உடனே "கடிநாய்" என்று பெயர். அன்றிரவே செம்பனைக் காடு. விசாரணையுமில்லை, வாதமுமில்லை, தண்டனை மட்டும் தயார்!

குற்றவாளிகள் யாரென்று ஒருவர்பின் ஒருவராகப் பார்ப்போம்.

முதற் குற்றவாளி, கொண்டுவந்தவர். "என் பணம், என் நாய், என் இஷ்டம்" என்பது அவர் வாதம். பணம் அவருடையதாகலாம், வீடு நால்வருடையதன்றோ? இரண்டு மாதக் குட்டிக்குச் சிறுநீரை நெடுநேரம் அடக்கும் சக்தி கிடையாது. தூங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி முடித்தவுடன் அதை வெளியே கொண்டுபோக வேண்டும், இரவிலும் எழவேண்டும். விடியற்காலைப் பெரட்டுக்குப் புறப்பட்டு மாலையில் திரும்புகிறவர் இதைத் தாமே செய்தல் இயலாது. ஆகவே, அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு நாயை மாத்திரமன்று. மற்ற மூவருக்கும் கூலியில்லாத ஒரு வேலையை! சம்மதம் கேளாமல் பிறரிடம் வேலை வாங்குதலை, அதைத் துரை செய்தால் அநியாயம் என்கிறோம். அறைத்தோழர் செய்தால் மட்டும் அது பிராணி நேசமாகிவிடுமோ?

இரண்டாவது, ஆசாரசீலர். நாய் வேண்டாமென்று சொல்ல ஒருவருக்கு நியாயமான காரணங்கள் பல இருக்கலாம். நாயின் மயிரால் மூச்சிரைப்பு உண்டாகிறவர் உண்டு. சிறுவயதில் கடியுண்டு அந்த அச்சம் நீங்காதவர் உண்டு. கூட வாழ்கிறவர் முஸ்லிம் சகோதரராயின், நாயின் உமிழ்நீர் பட்டால் கழுவித் தூய்மை செய்யவேண்டிய முறை அவருக்குண்டு. இவையெல்லாம் காதுகொடுத்துக் கேட்கவேண்டிய ஆட்சேபனைகள். ஆனால் நம் ஆசாரசீலர் சொன்ன காரணம் இவற்றுள் ஒன்றுமன்று. "சாமிப்படம் இருக்கிற வீடு, நாய் தீட்டு" என்றார். என்னே விந்தை! வைரவருக்கு வாகனம் நாய்தானே? கல்லில் வடித்த நாய்க்கு மாலை. உயிரோடு வந்த நாய்க்குக் கல்லடி! தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேனென்று தருமன் நின்றதாகப் பாரதம் சொல்வதைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தவர்தாம், வீட்டுக்கு வந்ததும் செருப்பைத் தேடுகிறார்.

தீட்டு என்னும் சொல் எந்த வீட்டிலும் நாயோடு நிற்பதில்லை. இன்று நாய்க்குச் சாத்தப்படும் அதே கதவு, நேற்று எந்தெந்த மனிதருக்குச் சாத்தப்பட்டது என்பதை நம் பாட்டன்மார் நன்கறிவர். அழுக்கென்று சொல்லுங்கள், நோயென்று சொல்லுங்கள், பயமென்று சொல்லுங்கள், பரிகாரம் தேடலாம். தீட்டென்றால் அதற்குப் பதிலேது? அது காரணமன்று, கட்டளை.

மூன்றாமவரின் குற்றம் சிறிது, ஆயினும் குற்றமே. இரக்கம் மட்டும் ஒழுங்காகிவிடாது. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் தார்ண்டைக் 1911-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு விதியை வகுத்துரைத்தார். எந்தச் செய்கையின் முடிவில் பிராணிக்குத் திருப்தி உண்டாகிறதோ அந்தச் செய்கை வேரூன்றும் என்பது அதன் சாரம். தட்டருகே குரைத்தால் மீன் வருகிறது. ஆகவே குரைக்கக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவரே பிறகு அதன் குரைச்சலைக் குறித்து முறையிட்டார்.

இனி, பிரம்புக்காரர். நால்வரிலும் பெரிய குற்றவாளி அவரே. ஏனெனில் அறியாமையை அறிவென்று விற்றவர் அவர். "அடியாத மாடு பணியாது" என்னும் பழமொழி ஒன்றே அவருடைய சாஸ்திரம். பல் மாறும் பருவத்தில் குட்டிகள் கண்டதையெல்லாம் கடிக்கும். அது குறும்பன்று, ஈறின் வேதனை. கடிப்பதற்கென்று ஒரு பொருளைக் கொடுத்துச் சப்பாத்தை எட்டாத இடத்தில் வைத்திருந்தால் காரியம் முடிந்தது. காலையில் செய்ததற்கு மாலையில் அடித்தால், அந்த அடியைச் சப்பாத்தோடு சேர்த்துப் பார்க்க நாய்க்கு வழியில்லை. ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், உணவு வருவதற்கு அறிகுறியாய் அமைந்த ஒன்றை உணர்ந்த மாத்திரத்திலேயே நாய்க்கு எச்சில் ஊறுவதை எடுத்துக்காட்டினார். எச்சில் ஊறுவது போன்றே அச்சமும் ஊறும். இவ்வீட்டுக் குட்டிக்கோ, மாலையில் கேட்கும் காலடியோசையே அடியின் அறிகுறியாயிற்று. அந்தக் கால்களை நேசிக்க அது எங்ஙனம் கற்கும்?

"இல்லை, நாய்க்குத் தன் குற்றம் தெரியும், முகத்தைப் பாருங்கள், தலையைத் தொங்கப்போடுகிறதே!" என்பர். அமெரிக்காவில் ஹாரோவிட்ஸ் என்னும் அம்மையார் இதனைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். தலைகுனிவும் வாலொடுக்கமும், நாய் தவறு செய்ததனால் உண்டாவதில்லை. எஜமானர் அதட்டுவதனால் உண்டாகின்றன என்பது அவர் கண்ட முடிவு. தவறே செய்யாத நாயும், அதட்டியபோது அதே முகத்தைக் காட்டிற்று. ஸ்காட், புல்லர் என்னும் இருவர் 1965-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, குட்டி பிறந்த மூன்றாம் வாரந்தொட்டுப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, அது மனிதரோடு உறவுகொள்ளக் கற்கும் முக்கிய பருவம் என்று காட்டுகிறது. அந்த வாரங்களில்தான் நமது நண்பர் பிரம்பினால் பாடம் நடத்தினார். பாடத்தை அது நன்றாகவே கற்றது. மனிதர் கை என்பது வலி தருவது என்று. கை நீண்டபோது கவ்வியது. ஆசிரியர்தாம் தம் பாடத்தை அடையாளம் கண்டுகொள்ளவில்லை!

இந்தப் பிரம்பு எங்கிருந்து வந்தது? கடையில் வாங்கியதன்று, நம் மனத்தில் முளைத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? துரைமார் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவும் ஒழியவேண்டுமென்று கேட்டனர். அச்சத்தை மரியாதையென்று எண்ணும் ஆணவத்தை எதிர்த்து எழுந்த குரல் அது. அவர்கள் பேரர்களாகிய நாமோ, நம் காலடியோசை கேட்டு ஒரு குட்டி கட்டிலுக்கடியில் பதுங்கினால், "பார்த்தீர்களா, என்ன மரியாதை!" என்று மார்தட்டுகிறோம். தொழிலாளரை நாயோடு ஒப்பிடுவதாகச் சினங்கொள்ள வேண்டாம். நாம் ஒப்பிடுவது அடிபட்டோரையன்று, அடிப்போர் மனத்தையே. மேலே இருப்பவன் நம்மை அடித்தால் கொடுமை, கீழே இருப்பதை நாம் அடித்தால் பயிற்சி என்னும் மனம், நாயோடும் நிற்காது. நாளை மனைவியிடமும் மாணவனிடமும் அதே பாடத்தை நடத்தும்.

இவர்கள் கடைசியாகத் தஞ்சம் புகுவது மற்றொரு பழமொழியில்: நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் புத்தியையே காட்டும் என்பது. இப்பழமொழி யாரை நோக்கி வீசப்பட்டு வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். லயத்துப் பையன் படித்து நாற்காலியில் அமர்ந்தபோது அவன் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கப்பட்டது இதுவன்றோ? பிறவிக்குணம் மாறாதென்பது, நாய் விஷயத்திலேயே பொய்யாய்ப் போயிற்று. கண்ணில்லாதவரை நெரிசலான வீதியில் வழிநடத்தும் நாய்கள், அந்த வித்தையை வயிற்றிலிருந்தே கற்றுவந்தவையா? பொறுமையாகப் பழக்கினார்கள், பழகின. நாய்க்கே பொய்யான ஒரு விதியை, மனிதன்மேல் சுமத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சரி, செய்யவேண்டியது யாது? குட்டி வருவதற்கு முன்னமே வீட்டார் அனைவரும் கூடிப் பேசவேண்டும். நியாயமான காரணங் காட்டி ஒருவர் மறுத்தாலும், அந்த எண்ணத்தைக் கைவிடவேண்டும். சிங்கப்பூரில் வீவக வீட்டில் வசிப்போர், அனுமதிக்கப்பட்ட இனத்து நாய் ஒன்றே வளர்க்கலாம் என்பதை மறக்கலாகாது. மலேசியாவிலும் உள்ளூர் மன்றத்தின் உரிமம் பெறுவதை விட்டுவிடக்கூடாது. எல்லாரும் இசைந்தால், அழைக்க ஒரே சொல், தடுக்க ஒரே சொல் என்று வகுத்துக்கொள்க. உணவிடுவது யார், எந்த வேளையில், இரவில் எழுவது யார், செலவு யாருடையது, கொண்டுவந்தவர் வேறூருக்கு மாறினால் குட்டி யாரிடம் போவது என்பவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுக. நல்லது செய்த அந்தக் கணத்திலேயே ஒரு துண்டு உணவும் ஓர் அன்புச் சொல்லும் கொடுங்கள். வேண்டாததைச் செய்தால், அதன் பயனை அது அடையாதபடி செய்யுங்கள். வெளியே செல்லும்போது கயிற்றில் பிடித்து நடத்தி, அயலாரின் முற்றத்தையும் அவர் சமய ஒழுக்கத்தையும் மதியுங்கள்.

தடுப்பூசியை மறவற்க. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை நாடறியும். ஊசி போடாத நாயைக் காட்டோரம் விடுகிறவர், ஏழைக் குழந்தைகளின் உயிரோடு விளையாடுகிறார். கடியுண்டவரோ மந்திரிப்பவரையும் பச்சிலைக்காரரையும் தேடி ஓடலாகாது. கடிவாயைப் பதினைந்து நிமிஷம் சோப்பும் நீரும் விட்டுக் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். பாஸ்டர் 1885-இல் கண்டுதந்த வழி இருக்க, வேப்பிலை எதற்கு?

தோழர்காள்! மேடையில் ஏறிச் சமத்துவம் பேசுவது எளிது. கேட்பவர் கைதட்டிவிட்டுப் போய்விடுவர். வீட்டுக்குள், விளக்கணைத்த பின், பதில் சொல்ல இயலாத ஒரு ஜீவனிடத்தில் நாம் நடந்துகொள்ளும் முறைக்குக் கைதட்டுவோர் இல்லை. அங்கேதான் நமது சீர்திருத்தம் உண்மையா, வேஷமா என்பது வெளிப்படும். கூடிப் பேசி ஓர் ஒழுங்கை ஏற்படுத்தி, அதை வகுத்தவர்களே முதலில் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பதே சுயாட்சியின் அரிச்சுவடி. அதனைப் படிக்க மனமில்லாதவர்கள் நாய் வளர்க்க வேண்டாம். படிக்க விரும்புகிறவர்கள் முதலில் பிரம்பை முறித்து அடுப்பிலிடுவார்களாக!