மழை விட்டும் தூவானம் விடவில்லை

ஜொகூர் மாநிலத்தில் மார்ச் மாதம் பொதுவாகப் பருவமழை விடைபெறும் காலம். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று அம்மாதத்தோடு ஓயும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும். மழைக்காலத்தில் தள்ளிப்போட்ட உரமிடும் வேலையும், கால்வாய் தூர்வாரும் வேலையும், சேறான தோட்டச் சாலைகளைச் சீர்செய்யும் வேலையும் நிலம் காய்ந்ததும் தொடங்கும்.

2023ஆம் ஆண்டில் இந்த ஒழுங்கு குலைந்தது. பிப்ரவரி இறுதியில் பிடித்த அடைமழை மார்ச்சிலும் தொடர்ந்தது. சிகாமட், யோங் பெங், குளுவாங், பத்து பஹாட் வட்டாரங்கள் வெள்ளக்காடாயின. பெக்கோக் அணையின் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டியது. 40,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டுத் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். சிகாமட்டில் நீர் வடிந்த பிறகும் பத்து பஹாட்டில் வடியவில்லை. மார்ச் மாதத்தின் பிற்பாதியிலும் அங்கே மையங்கள் திறந்தே இருந்தன.

ஜொகூருக்கு வெள்ளம் புதியதன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த இரு வெள்ளங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். கோத்தா திங்கி நகரமே மூழ்கியது. ஆனால், அவை பருவமழைக் காலத்தில் வந்தவை. 2023இல் வந்த மழையோ, மழைக்காலம் முடிந்தது என்று விவசாயி மூச்சுவிடும் நேரத்தில் வந்தது. பசிபிக் பெருங்கடலின் நீர்ப்பரப்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் ‘லா நினா’ நிலை 2020 முதல் மூன்று ஆண்டுகளாக நீடித்து, அந்த மார்ச்சில்தான் முடிவுக்கு வந்தது. அந்நிலை நிலவும்போது தென்கிழக்காசியாவில் மழை மிகுவது வழக்கம். அத்தோடு அது நிற்கவும் இல்லை. 2025ஆம் ஆண்டு மார்ச்சிலும் ஜொகூர் பாரு, கோத்தா திங்கி உள்ளிட்ட இடங்களில் வெள்ளம் புகுந்தது.

இத்தகைய வெள்ளங்களின் சேதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதுதான் இங்கே கேள்வி. எத்தனை பேர் இடம்பெயர்ந்தனர், எத்தனை மையங்கள் திறக்கப்பட்டன, எந்தச் சாலைகள் மூடப்பட்டன என்ற கணக்கு நாள்தோறும் வெளிவருகிறது. கடைசி மையம் மூடப்பட்டதும் வெள்ளச் செய்தியும் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். நீர் வடிந்தால் வீட்டைக் கழுவிக் குடியேறலாம். பயிருக்கு அது பொருந்தாது. பயிரின் நட்டத்தில் பெரும்பகுதி மழை நின்ற பிறகுதான் வரத் தொடங்குகிறது.

ஜொகூரின் முதன்மைப் பயிரான செம்பனையைப் பார்ப்போம். வெள்ளத்தின்போது நேரும் நட்டம் எல்லாருக்கும் தெரியும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்ட வேண்டும். முழங்கால் அளவு நீரில் அது இயலாது. சாலை மூழ்கினால் லாரி உள்ளே வராது. வெட்டிய குலையை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் குறையும். வெட்டாமல் விட்ட குலையிலிருந்து பழங்கள் உதிர்ந்து நீரோடு போகும். தப்பித்தவறி ஆலைக்குப் போகும் ஈரக் குலைக்கும் எடையில் ஒரு பகுதி கழிக்கப்படும். இவை கண்ணுக்குத் தெரிந்த நட்டங்கள்.

தெரியாத நட்டம் ஒரு சிறு வண்டைச் சார்ந்தது. செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிப் பாளைகளில் பூக்கின்றன. 1980ஆம் ஆண்டு வரை மலேசியத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் மனிதர் கையால் நடந்தது. தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று பெண் பாளைகள் மீது மகரந்தத் தூளைத் தூவினர். ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டுச் செம்பனைகளில் இவ்வேலையை ஒரு வகைக் கூன்வண்டு செய்கிறது என்று கண்டறிந்து, அந்த வண்டை இங்கே கொண்டுவந்தார்கள். 1981இல் அது முதன்முதலாக விடப்பட்ட இடங்களில் ஒன்று ஜொகூரின் குளுவாங் வட்டாரத் தோட்டம். அரிசிமணி அளவுகூட இல்லாத அவ்வண்டு சில மாதங்களில் நாடெங்கும் பரவியது. குலைகளில் காய்ப்பிடிப்பு கூடியது. கையால் தூவும் வேலையே இல்லாமல் போயிற்று. மலேசிய வேளாண்மையில் ஒரு பூச்சி செய்த உதவிக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அந்த வண்டுக்கு மழை ஆகாது. ஓயாமல் மழை பெய்யும் நாள்களில் அது மிகுதியாகப் பறப்பதில்லை. மகரந்தமும் நனைந்து கரைந்துவிடுகிறது. பெண் பாளையோ இரண்டு மூன்று நாள்கள் மட்டுமே மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருக்கும். அந்நாள்களில் வண்டு வராவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது. குலை பழுக்க ஐந்து ஆறு மாதங்கள் ஆகும். ஆகவே, மார்ச் மழையில் பூத்த பாளையின் விளைச்சல் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில்தான் வெட்டப்படும். எடை குறைந்த, உள்ளே காயற்ற குலைகள் அப்போதுதான் தராசுக்கு வரும். அந்நேரத்தில் வானம் தெளிந்திருக்கும். மார்ச் வெள்ளத்தை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். தமக்கு வந்த நட்டத்தின் காரணம் சிறுதோட்டக்காரர்களில் பலருக்கே தெரியாமல் போகக்கூடும்.

அடித்துச் செல்லப்பட்ட உரத்தின் கதையும் இதுவே. உக்ரேன் போரை ஒட்டி உர விலை உச்சத்துக்கு ஏறியிருந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அது. மழைக்கு முன்னால் போட்ட உரம் கால்வாய்க்குப் போனது. மறுபடி வாங்கக் கையில் பணமில்லாதவர் அந்தச் சுற்றையே விட்டுவிடுவார். மரம் அதைப் பின்னர்தான் காட்டும். நட்டு ஓரிரு ஆண்டே ஆன கன்றுகள் நீரில் மூழ்கினால் பட்டுப்போகும். அவற்றுக்கு மாற்றாக நடும் கன்று காய்க்க மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இரப்பரில் மழையின் கணக்கு எளியது. பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டிய பின் மழை வந்தால் மங்கில் சேர்ந்த பால் நீராகிக் கொட்டும். தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்கள் இதை நன்கு அறியும். நாட்கூலிக் காலத்தில், விடியற்காலைப் பெரட்டு நேரத்தில் மழை கொட்டினால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை. மழை பெய்யும் மாதத்தில் கடைக்கணக்கு ஏறும். இன்று பால்வெட்டுக் காடுகளில் தமிழர்கள் குறைந்துவிட்டார்கள். சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்பவருக்கும் கூலிக்கு வெட்டுபவருக்கும் அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை. மார்ச் மழையில் இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. இலையுதிர்த்த மரம் தளிர்விடும் நேரத்தில் காற்றில் ஈரம் மிகுந்தால் பூஞ்சை நோய் இளந்தளிர்களைத் தாக்கும். தளிர் இரண்டாம் முறையும் உதிர்ந்தால் மரம் வலுவிழக்கும். பால் குறையும்.

கீரைத் தோட்டங்கள் விரைவில் அழியும். விரைவிலேயே மீளவும் கூடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த கீரை வந்துவிடும். அன்னாசிக்கு அது வாய்க்காது. நாட்டின் அன்னாசியில் பெரும்பங்கு ஜொகூரில் விளைகிறது. பொந்தியான் போன்ற இடங்களின் புளிப்புத்தன்மை மிகுந்த கரிநிலத்தில் பிற பயிர்கள் திணறும்போது அன்னாசி செழிக்கும். ஆனால், அதன் வேர் தேங்கிய நீரில் சில நாள்கள் நின்றாலே அழுகத் தொடங்கும். நட்ட பயிர் பழம் தர ஓராண்டுக்கு மேலாகும். மார்ச்சில் அழிந்த வயலை மே மாதத்தில் மறுபடி நட்டவருக்கு மறு ஆண்டு நடுப்பகுதிக்குப் பிறகே வருமானம் வரும். அதுவரை குடும்பம் எதைக் கொண்டு நடக்கும் என்பது எந்த வெள்ள அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

2023இல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசாங்கம் 1,000 ரிங்கிட் உதவித்தொகை வழங்கியது. நனைந்த மெத்தைக்கும் கெட்டுப்போன அரிசிக்கும் அது தேவையான உதவி. பயிர்ச் சேதத்தை விவசாய இலாகா பதிவு செய்து உதவுவதும் உண்டு. எனினும், அத்தகைய பதிவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் சேதத்தைச் சார்ந்தது. மூழ்கிய வயலையும் சாய்ந்த மரத்தையும் அதிகாரி பார்த்து எழுதலாம். வராமல் போன வண்டை அவரால் எழுத முடியாது.

பயிரைப் பொறுத்து இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை மற்றோர் இடத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். அதே 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் காவிரிப் படுகையிலும் பருவம் தவறிய மழை பெய்தது. அறுவடைக்கு நின்ற சம்பா நெல் வயலிலேயே சாய்ந்தது. கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியைத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டது. சேதமடைந்த நெல்லுக்கு எக்டருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்தத் தொகை போதாது என்ற குரலும் எழுந்தது. ஆயினும், சாய்ந்த கதிர் கண்முன் கிடந்ததால் நட்டம் உண்டா இல்லையா என்ற ஐயம் எழவில்லை. ஜொகூரில் செம்பனை பச்சைப் பசேலென்று நிற்கும். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறர் எளிதாக முடிவு கட்டிவிடுவர்.

‘மறைந்த நட்டத்தை எப்படி அளப்பது? விளைச்சல் குறைந்தவர் எல்லாரும் மழையைக் காட்டி உதவி கேட்டால் என்ன செய்வது?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. விளைச்சல் குறைய மரத்தின் வயது, உரக்குறை, ஆள் பற்றாக்குறை என்று வேறு காரணங்களும் உண்டு. தனியொருவரின் குறைவை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால், குலை விற்கும் ஒவ்வொரு சிறுதோட்டக்காரரும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். விற்பனை எடை ஏற்கெனவே பதிவாகிறது. வெள்ளம் சூழ்ந்த யோங் பெங் வட்டாரத்தில் செப்டம்பர் எடை பரவலாகக் குறைந்து, வெள்ளம் தொடாத வட்டாரத்தில் குறையாதிருந்தால் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. புதிதாக ஒரு கணக்கெடுப்பு நடத்தத் தேவையில்லை. இருக்கின்ற கணக்கை மார்ச் வெள்ளத்தோடு இணைத்துப் பார்த்தால் போதும். உதவியின் ஒரு பகுதியை வெள்ளத்தின்போதும், மற்றொரு பகுதியை விளைச்சல் குறையும் மாதங்களில் உரமாகவும் கன்றாகவும் கொடுக்கலாம்.

பெரிய தோட்ட நிறுவனங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. அவற்றுக்கு மேட்டுநிலமும் பள்ளநிலமும் உண்டு. ஓரிடத்தின் குறையை வேறிடத்தின் விளைச்சல் ஈடுசெய்யும். மழையே வேண்டாமென்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார் என்பதும் உண்மை. வறட்சி செம்பனைக்கு வெள்ளத்தைப் போலவே கேடு செய்யும். ஐந்து ஏக்கரும் ஒரே பள்ளத்தில் வைத்திருப்பவர்தான் ஒவ்வொரு முறையும் முழு அடியையும் தாங்குகிறார்.

அந்தப் பள்ளம் ஆண்டுதோறும் ஆழமாகிறது என்பது இன்னும் கவலைக்குரியது. பத்து பஹாட், பொந்தியான் கரையோரத் தாழ்நிலங்களில் 1970களிலிருந்து கால்வாய்களும் கரைகளும் கடல்நீர் மதகுகளும் அமைத்துத்தான் விவசாயம் விரிவாக்கப்பட்டது. மதகைக் கடல் வற்றும் நேரத்தில் மட்டுமே திறக்க முடியும். கடல் பொங்கும்போது திறந்தால் உப்புநீர் உள்ளே வரும். ஆற்றுநீர் எவ்வளவு திரண்டாலும் கடலின் வற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். சிகாமட்டில் வடிந்த வெள்ளம் பத்து பஹாட்டில் வாரக்கணக்கில் நின்றதற்கு இந்தத் தாழ்வான நில அமைப்பும் ஒரு காரணம். மேலும், கரிநிலம் என்பது மக்காத மரங்களும் வேர்களும் நீரில் ஊறிச் சேர்ந்த நிலம். நீரை வடித்தால் அது மக்கிச் சுருங்கும். மேற்கு ஜொகூரில் நடந்த ஆய்வு ஒன்று, வடிகால் வெட்டி ஆண்டுகள் பல கடந்த பின்னும் அந்நிலம் ஆண்டுக்குச் சராசரி 2 செண்டிமீட்டர் தாழ்வதைக் காட்டியது. செம்பனை ஒன்றின் பயன்தரும் வயது ஏறக்குறைய 25 ஆண்டுகள். இன்று கன்று நடும் நிலம் அம்மரத்தை வெட்டும் நாளில் அரை மீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் மேல், தாழ்ந்திருக்கக்கூடும். கடல் மட்டமோ தாழப்போவதில்லை.

ஆகவே, முதிர்ந்த மரங்களை அகற்றி மறுநடவு செய்யும் ஒவ்வொரு தாழ்நிலத் தோட்டத்திலும் கன்று வாங்குவதற்கு முன்னால் நிலத்தின் உயரத்தை அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவைச் செலவைச் சிறுதோட்டக்காரரின் தலையில் கட்டாமல் அரசாங்கமே ஏற்கலாம். அளந்த பிறகு சில நிலங்களில் மறுபடியும் செம்பனையே நடலாம். சிலவற்றில் கால்வாயின் நீர்மட்டத்தை உயர்த்தி வைத்து நிலம் சுருங்கும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். வேறு சில இனிப் பயிருக்கு உதவாது என்ற கசப்பான செய்தியையும் அதன் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். 25 ஆண்டுகளுக்குரிய கன்றையும் உரத்தையும் மண்ணில் போட்ட பிறகு, மற்றொரு மார்ச் மழை வந்து அதைச் சொல்வதைவிட, நடுவதற்கு முன்னால் அளவைக்காரர் வந்து சொல்வது அவருக்கு மலிவு.