தூரை விட்டு மரத்தை வெட்டுவதா?

தோழர்களே! இராமநாதபுரம் கண்மாய்களைப் பாருங்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக் கருவேலம் நிற்கிறது. 1877 வாக்கில் வெள்ளையர் ஆட்சி விறகுக்கென்று தருவித்த அமெரிக்கக் கண்டத்து மரம். காயை ஆடுமாடு தின்னும். விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. 2022-ல் சர்க்கார் கொள்கையே வெளியிட்டது. ஆனால் மரத்தை மட்டும் வெட்டி விற்று, தூரை விட்டுப் போனால் என்ன ஆகும்? மறுபடி தழைக்கும். இது ஒழிப்பா, அறுவடையா?

கரிமூட்டம் போட்டுக் கஞ்சி குடிக்கும் ஏழை மீது பழி போடாதே! மாற்று வேலை தராமல் மரத்தைப் பிடுங்குவது அவன் வயிற்றில் அடிப்பதாகும்.

தூரோடு தோண்டு! அந்த வேலையை ஊர்க் கூலிக்காரருக்கே நியாயமான கூலியில் கொடு! முளைக்கும் கன்றை வருஷந்தோறும் பிடுங்கு! கண்மாயைத் தூர் வாரு! கிராமந்தோறும் கூடி இதைக் கேட்போம், வாருங்கள்!