திரும்பி வர மறுத்தவள்: டீன் டைட்டன்ஸ் ரசிகர்களுக்கு ஒரு மறுப்பு

டீன் டைட்டன்ஸ் என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரின் கடைசி அத்தியாயம் 2006 ஜனவரியில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பானது. அதன் தலைப்பு 'திங்ஸ் சேஞ்ச்'. எல்லாம் மாறும் என்று பொருள் கொள்ளலாம். அன்று தொடங்கி, இத்தொடரின் ரசிகர்கள் கூடுமிடங்களிலெல்லாம் அந்த அத்தியாயத்தின் மீது ஒரே குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வைக்கப்படுகிறது. அது முடிவே அல்ல என்கிறார்கள். கல்லாகிப்போன பெண் எப்படி உயிர்பெற்றாள் என்று சொல்லப்படவில்லை. வந்தவள் அவள்தானா என்பதும் உறுதியாகவில்லை. நகரத்தில் திரியும் வெள்ளை விலங்குடனான சண்டை பாதியில் நிற்கிறது. 65 அத்தியாயங்கள் கூடவே நடந்து வந்த பார்வையாளனை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். ஆகவே ஆறாவது பருவம் வேண்டும்.

இந்தக் குற்றச்சாட்டை நாங்கள் முழுமையாக மறுக்கிறோம். ஐந்து பருவங்களாகத் தொடர் எதை நோக்கி நகர்ந்ததோ, அதைச் சமரசமின்றிச் சொல்லி முடித்த இடம் என்றே அந்த அத்தியாயத்தைக் கருதுகிறோம். கோளாறு இருப்பது பாத்திர வளர்ச்சி என்ற சொல்லை ரசிகர்கள் பயன்படுத்தும் விதத்தில். அவர்களுக்கு அது ஒரு வரவு செலவுக் கணக்கு. நாயகனுக்குப் புதிய ஆற்றல் கிடைத்தால் வரவு. பிரிந்தவர் கூடினால் வரவு. காதல் சொல்லப்படாமல் நின்றுவிட்டால் பற்று. கணக்கு நேராகாத இடத்தில் படைப்பாளி ஏமாற்றிவிட்டதாகக் கூச்சலிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. முகமூடி அணிந்த பிள்ளைகள் கட்டடங்களை இடிக்கும் கதையில் பாத்திரத்தைத் தேடுவதே வீண் என்று ஒதுங்கிக்கொள்ளும் இலக்கிய வாசகர்கள் அவர்கள். ஒரு படைப்பைப் பார்க்காமலேயே அதன் வகைமையைக் கொண்டு தீர்ப்பெழுதுகிறவர்களிடம் விவாதிக்க ஏதுமில்லை. பார்க்க விரும்புகிறவர்களுக்காக, கதைக்குள் செல்வோம்.

*

டீன் டைட்டன்ஸ் 2003 ஜூலையில் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் க்ளென் முரகாமி. மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரேஸும் 1980இல் தொடங்கிய காமிக்ஸ் வரிசை இதன் முதன்மையான மூலம். ராபின், ஸ்டார்ஃபயர், ரேவன், சைபார்க், பீஸ்ட் பாய் என ஐந்து இளையோர் ஒரு தீவில், டி என்ற ஆங்கில எழுத்தின் வடிவிலான கோபுரத்தில் ஒன்றாக வாழ்கிறார்கள். வீட்டில் பெற்றோர் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. மற்ற சூப்பர் ஹீரோ கதைகளில் வழக்கமாக வரும் 'பகலில் சாதாரண மனிதன்' என்ற இரட்டை வாழ்க்கையும் ஏறக்குறைய இல்லை.

இதை வெறும் வசதிக்கான ஏற்பாடு என்று எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு இரத்த உறவென்னும் பிடிமானம் அன்றாடத்தில் கிடையாது. ஒருவருக்கு மற்றவர் யார் என்பது நம்பிக்கை ஒன்றினால் மட்டுமே தீர்மானமாகிறது. ஆகவே நம்பிக்கை முறியும் இடமே இங்கே கதையின் மையமாக அமைகிறது. வில்லன்கள் அந்த முறிவைத் தேடி வருகிறவர்கள்.

முதல் பருவத்தைப் பாருங்கள். ஸ்லேட் என்னும் எதிரியைப் பிடிக்கும் வெறியில் ராபின், ரெட் எக்ஸ் என்ற திருடனாக வேடமிட்டுத் தன் நண்பர்களுடனேயே மோதுகிறான். உண்மை வெளிப்பட்டபோது அவர்களுக்கு ஏற்பட்டது கோபத்தைவிட ஆழமான ஒரு காயம். ஸ்டார்ஃபயர் அவனுக்கு உணர்த்துவது இதைத்தான்: ஸ்லேட் உன்னை நம்பவில்லை, நீ எங்களை நம்பவில்லை, உங்களிருவருக்கும் இதில் என்ன வேறுபாடு? பருவத்தின் முடிவில் ஸ்லேட், மற்ற நால்வரின் உடலிலும் நுண்கருவிகளைச் செலுத்தி, அவர்களுடைய உயிரைப் பணயமாக வைத்து ராபினைத் தன் சீடனாக்குகிறான். ராபின் அதே நுண்கருவிகளைத் தன் உடலிலும் ஏற்றிக்கொண்டு, நண்பர்களைக் கொன்றால் சீடனையும் இழப்பாய் என்று நிற்கிறான். பிறகு தன்னையும் ஸ்லேடையும் ஒப்பிட்டு அவன் வந்தடையும் முடிவு எளியது: ஸ்லேடுக்கு நண்பர்கள் இல்லை.

இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில் இரண்டாம் பருவம் இதே சொல்லை எடுத்து ஆயுதமாக்குகிறது.

*

டெர்ரா, பாறையையும் மண்ணையும் அசைக்க வல்ல பெண். அந்த ஆற்றல் அவளுக்குக் கட்டுப்படுவதில்லை. காப்பாற்றச் சென்ற இடங்களில் அழிவை ஏற்படுத்திவிட்டு ஓடிக்கொண்டே இருப்பவள். இந்த இரகசியத்தைக் காக்கும்படி பீஸ்ட் பாயிடம் கேட்கிறாள். அவன் காக்கிறான். ஆனால் ராபின் தானாகவே ஊகித்துவிடுகிறான். பீஸ்ட் பாய்தான் சொல்லிவிட்டான் என்று எண்ணி அவள் ஓடிப்போகிறாள். அந்த வெற்றிடத்தில் அவளுக்குக் கட்டுப்பாட்டைக் கற்பிக்க வருபவன் ஸ்லேட்.

பின்னர் அவள் திரும்பி வந்து குழுவில் ஒருத்தியாகிறாள். கடைசிவரை அவளை நம்ப மறுத்த ரேவனும் நம்பத் தொடங்குகிறாள். ஓர் இரவில் டெர்ரா பீஸ்ட் பாயைக் கோபுரத்திலிருந்து வெளியே அழைத்துச் செல்கிறாள். அவள் வழிவிட்டதால் ஸ்லேடின் படை கோபுரத்துக்குள் நுழைகிறது. அவ்விரவில்தான் அவள் அவனிடம் கேட்கிறாள், என்ன நேர்ந்தாலும் நீ என் நண்பனாக இருப்பாயா என்று. இருப்பேன் என்கிறான். உண்மை வெளிப்பட்டபின் அவள் அந்த வாக்கை நினைவூட்டும்போது அவன் தரும் பதில், ஸ்லேட் சொன்னது சரி, உனக்கு நண்பர்களே இல்லை என்பது.

முதல் பருவத்தில் ராபினைக் காத்த அதே அளவுகோல் இங்கே ஒரு சிறுமியின் மீது தண்டனையாக இறங்குகிறது. சொன்னவன் வில்லன் அல்லன். குழுவில் மிக மென்மையானவன், நகைச்சுவைக்கென்றே படைக்கப்பட்டவனோ என்று தோன்றுகிறவன். அவனுடைய கோபம் நியாயமானது. நியாயமான கோபமும் ஒருவரை அழிக்கவல்லது என்பதைத் தொடர் மறைக்கவில்லை. அதன்பிறகு டெர்ரா முழுமையாக ஸ்லேடின் பக்கம் போகிறாள். இறுதியில் அவன் அணிவித்த கவசம் அவளுடைய உடலையே இயக்குகிறது. அதை மீறி அவனை எதிர்த்து, எரிமலை வெடிப்பைத் தடுத்துக் கல்லாகிறாள். நண்பர்கள் அங்கே வைத்த பலகை அவளை உண்மையான தோழி என்கிறது. உயிரோடு இருந்தபோது மறுக்கப்பட்ட சொல், சிலையான பின் கிடைக்கிறது.

மூலக் காமிக்ஸைப் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். டெர்ரா 1982இல் அறிமுகமாகி, 1984இல் வெளிவந்த 'த ஜூடாஸ் கான்ட்ராக்ட்' கதையில் மடிகிறாள். அங்கே அவள் தொடக்கம் முதலே துரோகி. அப்படித்தான் அவளைத் திட்டமிட்டோம் என்று அதன் படைப்பாளிகளே சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக்கு இடமில்லாத அந்தக் கொடூரத்தைத் தொலைக்காட்சி நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. நாங்கள் கேட்பது இதுதான்: ஒரு பதின்பருவச் சிறுமியையும் அவளோடு உறவு வைத்திருந்த வளர்ந்த ஆணையும் ஒரே கதையில் நிறுத்திவிட்டு, தீமை பிறவியிலேயே அவளிடம் இருந்தது என்று எழுதுவதில் என்ன துணிச்சல் இருக்கிறது? பிறவித் துரோகியைப் படைப்பது எளிது. அவளுக்கு எவரும் எந்தப் பொறுப்பும் ஏற்க வேண்டியதில்லை. அஞ்சி அஞ்சித் துரோகத்தை வந்தடைந்த ஒருத்தியைப் படைத்தால், அவளைச் சுற்றியிருந்த ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும். தொடர் தேர்ந்துகொண்டது கடினமான வழியை.

*

இப்போது கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். உலகெங்கும் அலைந்து பெரிய எதிரிகளை வென்று ஐவரும் ஊர் திரும்புகிறார்கள். பழகிய இடங்கள் சில மறைந்துவிட்டன. கூட்டத்தில் டெர்ராவைப் போன்ற ஒரு பெண்ணைப் பீஸ்ட் பாய் பார்க்கிறான். குகைக்குச் சென்று பார்த்தால் சிலை அங்கே இல்லை. அவளைத் தேடிப் போகிறான். அவள் பள்ளி மாணவி. அவனைத் தெரியாது என்கிறாள். பழைய இடங்களுக்கெல்லாம் அவளை அழைத்துச் செல்கிறான். எதுவும் பலிக்காதபோது, ஆற்றல் விழித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அவள்மீது சேற்றை வாரி எறிகிறான். சேறு அவளுடைய முகத்தில் அப்பியதைத் தவிர வேறெதுவும் நிகழவில்லை.

அந்தக் காட்சியில் யாருடைய பக்கம் நாம் நிற்கிறோம்? ரசிகர் கூட்டம் தயக்கமின்றிப் பீஸ்ட் பாயின் பக்கம் நிற்கிறது. அவள் மண்ணை அசைத்துக் காட்ட வேண்டும், நினைவு திரும்ப வேண்டும், கணக்கு நேராக வேண்டும். ஆனால் காட்சியைப் படைத்தவர்கள் நமக்குக் காட்டுவது சேறு வழியும் ஒரு மாணவியின் முகத்தை. அன்பின் பெயரால் செய்யப்படும் வன்முறை என்று அதைச் சொல்லத் தயங்குகிறவர்கள், அவளுடைய இடத்தில் தங்களை நிறுத்திப் பார்க்கட்டும்.

பள்ளி நடைக்கூடத்தில் நிகழும் இறுதி உரையாடலில் அவள் சொல்வதன் சாரம் இது. நீ தேடும் பெண் உன் நினைவில் மட்டும் இருக்கிறாள். நீ நினைப்பதுபோல அன்றைக்கும் எதுவும் இருந்ததில்லை. எனக்கு அடுத்த வகுப்பில் வடிவியல் தேர்வு இருக்கிறது. குழுவின் அழைப்பு வருகிறது. போ, நீதான் டைட்டன் என்று அனுப்பிவைக்கிறாள். அவன் ஓடுகிறான்.

அவளுக்கு உண்மையிலேயே நினைவு அழிந்துவிட்டதா, இல்லை அழிந்ததாகச் சொல்கிறாளா? தொடர் விடை தரவில்லை. தந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நினைவில்லை என்று உறுதியானால் அது ஒரு நோய். மருந்து தேடிக் கதை நீளும். நினைவிருக்கிறது என்று உறுதியானால் அது ஒரு பொய். அவளை ஒப்புக்கொள்ள வைக்கும் கதை தொடங்கும். இரண்டு வழிகளிலும் அவளுடைய மறுப்பு, பிறர் தீர்க்க வேண்டிய சிக்கலாகச் சுருங்கிவிடும். எப்படி உயிர்பெற்றாய் என்பது பீஸ்ட் பாயின் கேள்வி. அதற்கு விடை சொல்ல அவள் கடமைப்பட்டவள் அல்லள். கதையும் அவளுக்காக வாயைத் திறக்க மறுக்கிறது. ஆற்றலைக் கட்டுப்படுத்த முடியாமல் ஓடிக்கொண்டே இருந்த பெண், ஆற்றலே தேவைப்படாத வாழ்வில் நின்றுவிட்டாள். அது அவளுடைய பாத்திர வளர்ச்சி. அவளை விட்டுவிட்டுப் போகக் கற்றது அவனுடையது. இரண்டையும் ஏறத்தாழ 22 நிமிடங்களில் சொன்ன படைப்பை முடிவற்றது என்பதா?

தொடர் இதை முன்பே ஒத்திகை பார்த்திருக்கிறது. நான்காம் பருவத்தில், தந்தை ட்ரைகானின் வருகைக்கு வாயிலாவதே தன் விதி என்று நம்பும் ரேவன், உலகம் அழியப்போகும் நாளன்று நண்பர்களுக்குக் காலை உணவு சமைக்கிறாள். அழிவுக்குப்பின் ராபின் பாதாளத்தில் கண்டெடுப்பது ஆற்றலை இழந்த ஒரு சிறுமியை. பழையபடி மாறிக் காட்டு என்று அவன் அவளை உலுக்கவில்லை. சிறுமியாகவே ஏற்று உடன் அழைத்து நடக்கிறான். ட்ரைகானை எதிர்த்து நின்றபோது அவள் தானே எழுகிறாள். அதைக் கொண்டாடிய ரசிகர்கள் டெர்ரா எழாததற்குக் கோபிக்கிறார்கள். திரும்பி வருகிறவர்களை மட்டும்தான் நேசிப்போம் என்றால் அதை நட்பென்று அழைக்க முடியாது.

*

தொடர் குறைகளற்றது என்று நாங்கள் வாதிடவில்லை. வெறும் கேலிக்கூத்தாகக் கரைந்துபோன அத்தியாயங்கள் உண்டு. ஸ்டார்ஃபயரைப் பல இடங்களில் ராபினுக்காகக் காத்திருப்பவளாகவே நிறுத்திவிட்டார்கள். 2006 செப்டம்பரில் வந்த 'ட்ரபிள் இன் டோக்கியோ' திரைப்படம் அவ்விருவருக்கும் ஒரு முத்தத்தை அளித்துக் கணக்கை நேர்செய்தது. ரசிகர்கள் நிறைவடைந்தார்கள். அந்த முத்தத்தினால் இருவரைப் பற்றியும் நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது என்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

2013இல் அதே ஐவரைக் கொண்டு 'டீன் டைட்டன்ஸ் கோ!' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியபோது பழைய ரசிகர்களின் ஏக்கம் வசையாக மாறியது. 2018இல் வந்த அதன் திரைப்படத்தின் முடிவில் பழைய டைட்டன்கள் ஒரு கணம் தோன்றி, திரும்பி வர வழி கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு ஆறாவது பருவத்துக்கான கோரிக்கை மீண்டும் கிளம்பியது. தாங்கள் யாராக மாறிவிட்டோம் என்பதைக் கோருகிறவர்கள் உணரவில்லை. பழைய இடங்களுக்கெல்லாம் இழுத்துச் சென்று, நினைவிருக்கிறதா என்று கேட்டு, பலிக்காதபோது சேற்றை அள்ளுவது அவர்கள்தாம்.

பதின்பருவத்தில் இத்தொடரைப் பார்த்தவர்களுக்கு இன்று முப்பது வயது கடந்திருக்கும். அவர்களுடைய வாழ்விலும் ஒரு டெர்ரா இருந்திருக்கக்கூடும். துரோகம் செய்தவளாகவோ, செய்யப்பட்டவளாகவோ, வெறுமனே மாறிப்போனவளாகவோ. எங்கேனும் எதிர்ப்பட்டு, உங்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தால், அவளைப் போகவிட வேண்டும். அதற்கு ஆறாவது பருவம் எதுவும் தேவையில்லை.