சபைக்கு வெளியே சொல்லத் துணிவுண்டா?

தோழர்களே!

தேர்தல் வந்துவிட்டால் தோட்டத்துப் பக்கம் வருகிறவர்களை நாம் அறிவோம். மாலை, மேடை, ஒலிபெருக்கி! “நான் சட்டம் படித்தவன், இத்தனை ஆண்டு சபையில் இருந்தவன்” என்று முழங்குவார்கள். நம்மவர்களும் கை தட்டுவார்கள். இருந்த ஆண்டுகளா அளவுகோல்? கோயில் தூண்கூடத்தான் நூறாண்டு நிற்கிறது. அது யாருக்காக வாய் திறந்தது?

அளவுகோல் வேண்டுமென்றால் ஈப்போ டி. ஆர். சீனிவாசகத்தின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-ம் ஆண்டு பிறந்தவர், வழக்கறிஞர். 1953-ல் உடன்பிறந்தவரான எஸ். பி. சீனிவாசகத்தோடு சேர்ந்து பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். அதுவே பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி ஆயிற்று. 1955 தேர்தலில் 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி அள்ளிக்கொண்டது. இவருடைய கட்சி தோற்றது. ஓடி ஒளிந்தாரா? இல்லை! 1957-ல் ஈப்போ இடைத்தேர்தலில் வென்று அந்தச் சபைக்குள் நுழைந்தார். 1959-லும் 1964-லும் ஈப்போ மக்கள் அவரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

சபைக்குள் பேசியதற்காக ஓர் அங்கத்தினர் மீது மானநஷ்ட வழக்குப் போட முடியாது. அரசியலமைப்பின் 63-ம் விதி தரும் கேடயம் அது. அந்தக் கேடயத்துக்குப் பின்னால் நின்று கர்ஜிப்பது எளிது. கல்வி மந்திரியாக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது சீனிவாசகம் பாராளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். “வெளியே வந்து சொல்லிப் பார்!” என்று மந்திரி சவால் விட்டார். சீனிவாசகம் வெளியே வந்து, பொதுமக்கள் முன்னிலையில் சொன்னார்! மந்திரி வழக்குத் தொடுத்தார். சீனிவாசகம் மன்னிப்புக் கேட்கவில்லை. “நான் சொன்னது உண்மை” என்றே வாதாடினார். வழக்கில் மந்திரி தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார், பதவியை விட்டும் போனார்.

“அவர் வக்கீல், பட்டணத்துக்காரர், பால்மரம் வெட்டுகிறவனுக்கு அவரால் என்ன லாபம்?” என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்! மந்திரியை வீழ்த்தியது அவருடைய வாய்ச்சொல் மட்டுமா? ஆதாரம்! சாட்சி! தாளும் எழுத்தும்! அவை இல்லாதிருந்தால் எவ்வளவு பெரிய வக்கீலாயினும் நஷ்டஈடு கட்டிவிட்டுத்தான் வீடு திரும்பியிருப்பார்.

இப்போது நம் கோலா கிளாவாங் பக்கம் வருவோம். லயத்தில் நாம் புலி; பெரட்டுக் களத்தில் முணுமுணுப்பு; தொழிலாளர் இலாகா விசாரணைக்கு அழைத்தால் ஊமை! “பால் நிறையில் குறைத்துவிட்டார்கள்” என்பான். எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று கேட்டால் விழிப்பான். 1955-ம் ஆண்டின் வேலைச் சட்டம் 69-ம் பிரிவில் சம்பளப் புகாரை விசாரிக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போகக் கையில் தாள் வேண்டாமா? கிராணிமார்களே, நமக்கும் சொல்கிறேன்: நாம் எழுதும் புத்தகம் உண்மையைச் சொன்னால்தான் நாளைக்கு ஒரு தொழிலாளியின் வாய் திறக்கும்.

இன்னொரு பாடமும் இருக்கிறது, அது கசப்பானது. 1969 மே தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில் சீனிவாசகம் காலமானார். அவ்வாண்டு நான்கு பாராளுமன்ற இடங்களை வென்ற கட்சி, பிறகு ஆளும் அணியில் சேர்ந்து, 1974-ல் ஒரே இடத்துக்குச் சுருங்கிவிட்டது. ஈப்போவில் அவர் பெயரால் பூங்கா உண்டு. அவர் துணிவை யார் சுமந்தார்கள்? ஒரு மனிதரின் முதுகில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு மற்றவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தால் முடிவு இப்படித்தான். தலைவர் போவார், சங்கம் நிற்க வேண்டும்!

ஆகவே தோழர்களே, அடுத்த முறை மாலையோடு வருகிறவரிடம் ஆண்டுக் கணக்குக் கேட்காதீர்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கும் அது உண்டு. மழை மாதத்தில் வெட்டுக்காரருக்கு அது முழுதாகக் கிடைக்கிறதா என்று சபையில் எப்போது கேட்டீர்? என்ன பதில் வாங்கி வந்தீர்? அங்கே சொன்னதை வெளியே, எங்கள் பெரட்டுக் களத்தில், நிர்வாகத்தின் காதில் விழும்படி சொல்லத் தயாரா?

அவரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். அவர் பேச ஆதாரம் கொடுத்தோமா? சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தினோமா? சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எழுந்து நிற்போமா?

இன்று முதல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, நிறை, கூலி: மூன்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாதம் ஒரு முறை கிளைக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். பிறகு பார்ப்போம், யாருக்குத் துணிவு இருக்கிறதென்று!

வெல்க தொழிலாளர் ஒற்றுமை!

— ஒரு கிராணி, கோலா கிளாவாங்