வெள்ளைக் கடதாசியில் விற்ற வீடு

காக்கா,

கோல் எடுத்தால் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தால் பள்ளிக்குப் போயிருக்கிறீர்கள் என்கிறார்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன். பெயர் போடவில்லை, உங்களுக்கே விளங்கும்.

சவளக்கடையில் உங்கள் வளவையும் வீட்டையும் வாங்கி நான்கு மாரி போய்விட்டது. மகளின் சீதனத்துக்குத்தான் வாங்கினேன். நம் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் எந்த வாப்பாவுக்கு நித்திரை வந்தது? கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த நாளில், காசைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தேன். தேத்தண்ணி தந்தீர்கள். பிறகு ஒரு வெள்ளைக் கடதாசி, ஒரு முத்திரை, இரண்டு சாட்சி.

இப்போது மகள் பெயருக்கு எழுதப் போனால் நொத்தாரிசு கடதாசியைத் திருப்பித் தந்துவிட்டார். "இது பேர்மிட் காணி, உறுதி முடிக்க ஏலாது." 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனை செல்லாதாம். சரி, அவரே எழுதட்டும் என்றால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அரசாங்கம் பேர்மிட்டில் தந்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி பெறாமல் கைமாற்றினால் எழுதியது வெறும் கடதாசி. அப்படியொரு உறுதியை முடிக்க நொத்தாரிசுக்கும் தடை.

அந்தச் சட்டத்தின் நியாயம் எனக்கு விளங்காமலில்லை. குடியேறிய ஏழையின் காணியைக் கடன் கொடுத்தவன் விழுங்காதிருக்கப் போட்ட வேலி அது. இங்கே வேலிக்குள் நின்றவர் நீங்கள்.

பிழை என்னிலும் உண்டு. பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் ஒருதடவை விசாரித்திருக்கலாம். நான் பார்த்ததெல்லாம் ஓடு ஒழுகுதா என்றுதான். ஆனால் "பத்து வருஷம் இருந்தா உரித்து தானா வரும்" என்று சொன்னது நீங்கள். தனியார் காணிக்குச் சொல்லும் கதை அது காக்கா. அரச காணியில் எத்தனை வருஷம் இருந்தும் அப்படி உரித்து வராது.

பேர்மிட்டில் பின்னுரித்தாளர் கட்டாரிலுள்ள உங்கள் இளைய மகன். நாளைக்கு உங்களுக்கு மவுத்து வந்தால் (அல்லாஹ் ஆயுளைத் தரட்டும்) என் மகள் குடியிருப்பது அவருடைய காணியில்.

காசைத் திருப்பிக் கேட்கவில்லை. அது எங்கே போனது என்று தெரியும். வருகிற புதன்கிழமை பேர்மிட்டின் மூலப்பிரதியோடு பிரதேச செயலகத்துக்கு வாருங்கள். அனுமதி கேட்டு இருவரும் சேர்ந்து கடிதம் கொடுப்போம். தருவதும் மறுப்பதும் அவர்கள் பாடு. ஓட்டோக் கூலி என்னுடையது. கரண்ட் பில்லையும் கொண்டுவருகிறேன். இன்னும் உங்கள் பெயருக்குத்தான் வருகிறது, கட்டுவது நான்.