மிட்டாய் வாங்கும் சுதந்திரம்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலம் கடைவீதியில் வியாபாரிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், துண்டு, எண்ணெய் என்று எல்லாமே விற்கும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நிற்பவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கடைக்காரருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. கையில் காசு இருந்தால் போதும். கடையை ஏலம் எடுக்க யாரிடம் முன்பணம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. ஆனாலும் வாங்குகிறவரைப் பொறுத்தவரை, அந்த வீதியில் காசுக்குச் சாதி இல்லை.

கட்டற்ற சந்தையை ஆதரிப்போர் சொல்வதும் இதைத்தான். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மேன் 1962-இல் எழுதிய நூலில் இந்த வாதத்தை விரிவாக வைத்தார். நிறமோ மதமோ பார்த்து ஒதுக்குகிற வணிகர் நஷ்டப்படுவார். ஆகவே பாகுபாட்டைச் சந்தையே கரைத்துவிடும். அரசு தலையிட வேண்டியதில்லை என்பது அவர் பக்கம். கல்லூரியில் பொருளியல் படிக்கும் நம் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். அதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சேரியை விட்டு நகரத்துக்குப் போன நம்மவர் பலருக்கு, முகம் தெரியாத கூட்டமே முதல் விடுதலையாக இருந்தது.

ஆனால் இதே தென்காசி மாவட்டத்தில்தான், சங்கரன்கோவில் அருகே, பாஞ்சாங்குளம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அங்கே ஒரு பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போன தலித் குழந்தைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அவர் பேசிய காணொளியை நாடே பார்த்தது. குழந்தைகள் கடனுக்குக் கேட்கவில்லை, இலவசமாகவும் கேட்கவில்லை. காசு இருந்தது, பண்டமும் இருந்தது. ஆனால் சந்தை இல்லை.

கடைக்காரரின் விற்கும் சுதந்திரத்தை அங்கே பறித்தது யார்? அரசா? இல்லை, ஊர்க் கட்டுப்பாடு. விற்காவிட்டால் அவருக்கு நஷ்டம் சில ரூபாய். கட்டுப்பாட்டை மீறி விற்றால் நஷ்டம் ஊரே. இந்தக் கணக்கு ஃப்ரீட்மேன் வாதத்தில் வரவில்லை. அரசு ஒன்றுதான் சுதந்திரத்தைப் பறிக்கும் என்று நம்புகிறவர்களின் கண்ணுக்குச் சாதி தெரிவதில்லை.

பாஞ்சாங்குளத்தில் அந்தப் பூட்டை உடைத்தது சட்டம். கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வர நீதிமன்றம் தடை விதித்தது. கடைகளில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் 2016 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960-இல் கிரீன்ஸ்பரோ நகரில் ஒரு கடை, கருப்பின மாணவர்களுக்குச் சாமான் விற்றது. உணவுப் பகுதியில் உட்கார்ந்த நால்வருக்குப் பரிமாற மறுத்தது. நமது இரட்டைக் குவளைக்கு அது தூரத்துச் சொந்தம். அந்தப் பாகுபாட்டைத் தடை செய்த 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தை, சுதந்திரத்தின் பெயரால் எதிர்த்து வாக்களித்தார் செனட்டர் பாரி கோல்ட்வாட்டர்.

நம் ஊர் உதாரணம் ராஜாஜி. லைசென்ஸ்-பெர்மிட் ஆட்சியைச் சாடி 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர் அவர். அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று 1953-இல் திட்டம் கொண்டுவந்தவரும் அவரே. வணிகருக்குக் கேட்ட சுதந்திரத்தைச் செருப்புத் தைப்பவரின் மகனுக்கு அவர் கேட்கவில்லை.

அதற்காக அரசு செய்வதெல்லாம் சரி என்று நாம் வாதாடவில்லை. தள்ளுவண்டியை விரட்டுவதும், ஒரு சான்றுக்குப் பத்து முறை அலைக்கழிப்பதும் அரசு அலுவலகம்தான். அந்த இடத்தில் சந்தைக்காரர்களின் கோபம் நம் கோபமும்கூட. கணக்கெடுப்பு முடித்துச் சான்று வழங்கும் வரை தெருவோர வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டுச் சட்டம். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். அந்தக் குழு உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேளுங்கள். தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்கள், 35 சதவீத மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்துக்காக மாவட்டத் தொழில் மையத்தின் படியேறுங்கள்.

கடையில் பொருள் தர மறுத்தால் அதை ஊர் வழக்கம் என்று விழுங்க வேண்டாம். தேதி, நேரம், சாட்சியோடு புகார் கொடுங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அதை விசாரித்தாக வேண்டும்.

நாம் சந்தைக்கு எதிரியல்ல. குற்றாலம் கடைவீதியில் முகம் தெரியாததால் கிடைக்கிற மரியாதை, முகம் தெரிந்த சொந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்க வேண்டும் என்கிறோம். பொருளாதாரச் சுதந்திரம் பற்றி வகுப்பில் விவாதம் வந்தால், மாணவர்களே, அந்தக் குழந்தைகள் கையில் இருந்த காசிலிருந்து தொடங்குங்கள்.